சத்தமில்லாத இரண்டு திசைகள்

கிட்டார் வாசிக்கிறவர்களுக்கு ஒரு பொதுவான வியாதி உண்டு. வாசிப்பு சொதப்பினால் விரலைக் குறை சொல்லவே மாட்டோம். கம்பியைச் சொல்வோம், ஒலிபெருக்கியைச் சொல்வோம், மண்டபத்தின் கூரையைச் சொல்வோம், காற்றின் ஈரத்தைச் சொல்வோம். சொல்ல இனி எதுவுமே மிச்சமில்லை என்று ஆனபிறகு பிக்கப்பில் வந்து நிற்போம். நானும் நின்றேன். நின்ற இடம்தான் சரியில்லை. நின்ற திசை அதைவிடச் சரியில்லை.

பிக்கப் என்றால் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. மின்சார கிட்டாரின் வயிற்றில், கம்பிகளுக்குக் கீழே, தீப்பெட்டியை இழுத்து நீட்டினாற்போல் ஒரு பட்டை இருக்கும். உள்ளே காந்தம், காந்தத்தைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பி. மேலே கிட்டார்க் கம்பி அதிர்ந்தால் உள்ளே அது மின்சாரமாகும், மின்சாரம் ஒலிபெருக்கிக்குப் போய் மறுபடி ஓசையாகும். ஒரே ஒரு சுருள் இருந்தால் சிங்கிள் காயில். எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருள்களை ஒட்டி ஒட்டி உட்கார வைத்தால் ஹம்பக்கர். முதல் சுருள் அக்கம்பக்கத்து விளக்கு, விசிறி, டிரான்ஸ்ஃபார்மர் எல்லாவற்றிடமிருந்தும் பொறுக்கிக்கொண்டு வரும் இரைச்சலை அடித்துச் சாய்ப்பது இரண்டாவது சுருளின் வேலை. (இந்த இடத்தில் கணவன் மனைவியை ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதியிருந்தேன். என் மனைவி படித்துப் பார்த்துவிட்டுக் கோடு போட்டு அடித்துவிட்டாள். இரண்டாவது சுருள் தன் வேலையைச் செய்தது.)

அப்போது எனக்கு முப்பது தொடப்போகும் வயது. மலேசியாவின் ஜோகூரில், ஸ்கூடாயில் வாடகை வீடு. பகலில் ஒரு டியூஷன் சென்டரில் தமிழ் வகுப்பு, வார இறுதிகளில் கல்யாணங்களில் கிட்டார், நடுவில் சிக்கிய நேரமெல்லாம் வரி உடைக்காத வசன கவிதை. மழை பெய்தால் எழுதுவேன். பெய்யாவிட்டால் பெய்யாததைப் பற்றி எழுதுவேன். ஸ்கூடாய்ச் சாலை நெரிசலில் கார்களின் சிவப்பு விளக்குகள் வரிசையாய் எரிவதைப் பார்த்து, நகரம் செம்பருத்தி மாலை கட்டுகிறது என்று ஒரு வாக்கியம் தோன்றி, பச்சை விழுந்தபிறகும் வண்டியை எடுக்காமல் அதை முடித்தவன் நான். பின்னால் இருந்தவர்கள் ஹாரனால் பாராட்டினார்கள்.

அதே டியூஷன் சென்டரில் மாலதி கணக்கு எடுத்தாள். எங்கள் இரண்டு வகுப்பறைகளுக்கும் நடுவில் ஒரு மெல்லிய பலகைச் சுவர். நான் இந்தப் பக்கம் உருகி உருகி ஒரு செய்யுளுக்குப் பொருள் சொல்லும்போது அந்தப் பக்கத்திலிருந்து, "சத்தம் கம்மியா, சார்" என்று ஒரு குரல் வரும். அப்படித்தான் காதல் தொடங்கியது. எங்கள் கதையில் இரைச்சல் முதலிலிருந்தே இருக்கிறது.

மாலதியின் அப்பா கோவிந்தசாமி யோங் பெங்கில் விளக்குக் கடை வைத்திருந்தார். விளக்கு, விசிறி, வயரிங், ஒரு காலத்தில் கூரைமேல் டிவி ஏரியல் மாட்டுகிற வேலையும். என்னை முதலில் பார்க்க அவர் வரச்சொன்னது வீட்டுக்கல்ல, கடைக்கு. உள்ளே நுழைந்தால் தலைக்குமேல் கொத்துக் கொத்தாய் அலங்கார விளக்குகள், அத்தனையும் எரிகின்றன. போலீஸ் விசாரிக்கிற ஆள் முகத்தில்கூட அவ்வளவு வெளிச்சம் அடிக்க மாட்டார்கள். என் நெற்றியில் வேர்த்தது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. தெரியட்டும் என்றுதான் அங்கே நிறுத்தியிருந்தார் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

அவர் கோபக்காரரில்லை. ஆனால் மூத்த மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதோடு மூவாரில் அவருடைய அக்கா ஒருவர் இருந்தார். மேசை நாற்காலி செய்து விற்கிற பெரிய குடும்பம். அந்த அம்மாவுக்கு ஒரு மகன், அந்த மகனுக்கு மாலதியைக் கேட்கப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு பல வருடமாய் ஓடிக்கொண்டிருந்தது. மூத்தவள் கல்யாணத்தில் சின்னவளின் காதல் வெளியே வந்தால் அக்கா சபையிலேயே எழுந்து நிற்பார் என்பது அவருடைய பயம்.

"மூத்தவ கல்யாணம் முடியட்டும் தம்பி. அடுத்த வாரமே உங்க வீட்டுக்கு நான் வர்றேன். அதுவரைக்கும் எங்க சொந்தத்துல ஒரு ஆளுக்கும் தெரியக்கூடாது. கல்யாணத்துக்கு உங்க பாட்டுக் குழுவத்தான் ஏற்பாடு பண்ணியிருக்கேன். நீங்க வாசிக்க வர்றீங்க. அவ்வளவுதான்."

சரிங்க அங்கிள் என்றேன்.

"என் மகள் இருக்குற பக்கம் உங்க கண்ணு போகக்கூடாது. போச்சுன்னா அப்புறம் பேச்சே இல்ல."

அதற்கும் சரிங்க அங்கிள் என்றேன். அந்த வெளிச்சத்தில் வேறு எதுவும் சொல்ல வரவில்லை.

இப்போது பிக்கப்புக்கு வருகிறேன்.

மணமக்கள் மேடையில் வந்து உட்கார்ந்ததும், பாட்டில்லாமல் கிட்டாரில் மட்டும் ஒரு பழைய காதல் பாட்டை வாசிக்க வேண்டும் என்று மூத்தவள் ஆசைப்பட்டாள். அதாவது நான், தனியாக, வருங்கால மாமனாருக்கு நேரெதிரே. என்னிடம் இருந்தது ஒரே கிட்டார். அதன் பிக்கப் சளி பிடித்ததுபோல் ஒலித்தது. மாற்றியாக வேண்டும். எங்கள் குழுவில் கீபோர்டு வாசித்த சேகர் சிங்கப்பூரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னீஷியன். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போய், பொழுது சாயும்போது புகை படிந்த முகத்தோடு திரும்பி வருகிறவன். ஒரு சிங்கிள் காயில், ஒரு ஹம்பக்கர் இரண்டையும் எங்கிருந்தோ கொண்டுவந்து என் வீட்டுத் தரையில் வைத்தான்.

மாற்றி மாற்றிப் பொருத்திக் காட்டினான். முதலில் ஹம்பக்கர். கெட்டித் தேங்காய்ப் பால் ஊற்றினாற்போல் இருந்தது. உயர்ந்த வஸ்துதான், ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அடுத்து சிங்கிள் காயிலைப் பொருத்தி ஒற்றைக் கம்பியைத் தொட்டதும் எனக்குள் என்னமோ ஆனது. மழை விட்டபிறகு தகரக் கூரையின் விளிம்பில் தயங்கித் தயங்கி விழும் கடைசிச் சொட்டு இருக்கிறதே, அது. அந்தச் சொட்டுக்குப் பின்னால் ஒரு மெல்லிய ரீங்காரம் மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

கேட்குதா என்றான் சேகர்.

தேனீ மாதிரி இருக்கிறது, அந்த ஓசைக்கும் ஓர் உயிர் இருக்கிறது என்றேன்.

"அது உயிர் இல்லடா, உன் வீட்டு டியூப் லைட்டு. இங்கயே இப்படி இருந்தா கல்யாண டேவான்ல எப்படி இருக்கும்? அங்க என்னென்ன லைட்டு போடுவாங்கன்னு யாருக்குத் தெரியும்? ஹம்பக்கர் போடு, மாறா. தலைவலி இல்ல."

தலைவலி இல்லாத இசை என்ன இசை என்று நான் கேட்டேன். (கேட்டேன். அந்த முப்பது வயதுக்காரனை இப்போது பார்த்தால் தோளில் கைபோட்டு ஓரமாய் அழைத்துப்போய் ஒரு தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்து, போய்ப் படுத்துத் தூங்கு ஐயா என்று சொல்வேன்.) மாலதியிடம் தொலைபேசியில் இரண்டையும் வாசித்துக் காட்டிக் கருத்துக் கேட்டேன். ரெண்டும் ஒண்ணாத்தான் கேட்குது, சட்டைய இஸ்திரி போட்டு மாட்டிட்டு வாங்க என்றாள். கணக்கு வாத்தியார்.

சிங்கிள் காயில் என்று தீர்ப்புச் சொன்னேன். சேகர் "அலமாக்" என்று தலையில் அடித்துக்கொண்டு பற்றவைக்கும் இரும்பைச் சூடாக்கினான்.

கல்யாண நாளன்று பிற்பகலிலேயே யோங் பெங் போய்ச் சேர்ந்தோம். டேவான் என்று நாங்கள் சொல்கிற பொது மண்டபம். வெளியே செம்பனைத் தோட்டத்துப் பச்சை, உள்ளே பிளாஸ்டிக் பூக்களின் பச்சை. மேடையில் மணவறை ஜோடனை. மேடைக்குக் கீழே, நட்ட நடுவில் எங்கள் குழுவுக்கு இடம். எங்களுக்கு நேர் எதிரே குடும்பத்துப் பெரியவர்களின் வட்ட மேசை. எனக்கு இடக்கைப் பக்கம் சுவரோரமாய்ச் சாப்பாட்டு வரிசை, அடியில் நெருப்பு வைத்த எவர்சில்வர் தட்டங்கள். வலக்கைப் பக்கம் பெண்வீட்டுப் பெண்களின் மேசைகள். அங்கேதான் மாலதி இருப்பாள் என்பதால் அந்தப் பக்கம் ஒரு திசையே உலகத்தில் இல்லை என்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டேன்.

ஒலி சோதித்தோம். கிட்டார் அருமையாய் ஒலித்தது. தேனீ இல்லை, வண்டு இல்லை, தெளிந்த நீர். நான் சேகரைப் பார்த்துச் சிரித்தேன். அவன் மேடைக்குப் பின்னால் கறுப்புத் துணி போட்டு மூடியிருந்த ஆளுயரச் சாமான் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் மண்டபம் நிறைந்தது. மணமக்கள் வாசலுக்கு வந்தார்கள். கோவிந்தசாமி அங்கிள் பட்டு வேட்டி சரசரக்க மேடைக்குப் பின்னால் போய்க் கறுப்புத் துணியை உருவினார், சுவிட்சைப் போட்டார்.

இதயம். சிவப்பு நியான் குழாயில் வளைத்த, என்னைவிட உயரமான இதயம். கண்ணாடிக் குழாய் வளைக்கத் தெரிந்த ஆளை எங்கேயோ தேடிப் பிடித்து, கடையில் கிடந்த பெரிய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைத் தன் கையாலேயே பொருத்தி, மகளுக்காகப் பல வாரம் உட்கார்ந்து அவர் செய்தது. மண்டபமே ஓவென்றது. அவர் முகம் அந்தச் சிவப்பில் குழந்தை முகமாய் இருந்தது.

அதே நொடியில் என் கிட்டார் உறுமியது.

தேனீ என்று சொன்னேனே, அது அல்ல. தோட்டத்துச் சாலையில் மண் லாரி ஒன்று மேட்டில் ஏற முடியாமல் திணறுகிற சத்தம். அவசரமாய் வால்யூமைச் சுழற்றி அடைத்தேன். சேகர் பக்கத்தில் வந்து காதோடு சொன்னான்: "நான் சொன்னேனா இல்லையா?" அதைப் போன்ற ஆறுதல் வேறெங்கும் கிடைக்காது.

வழக்கமான பாட்டுகளில் பிழைத்தேன். பாடகர் பாடினார், தாளம் சத்தமாய் இருந்தது, நான் வால்யூமை ஒரு நூலளவு திறந்து ஓரமாய் ஒட்டிக்கொண்டேன். ஆனால் தனி வாசிப்பு வந்துவிட்டது. மணமக்கள் உட்கார்ந்தாயிற்று. எல்லாரும் அமைதியானார்கள். பெரியவர்கள் மேசையில் கோவிந்தசாமி அங்கிள் நிமிர்ந்து உட்கார்ந்தார்; பக்கத்தில் சம்பந்தி; அவருக்குப் பக்கத்தில் மூவார் அத்தை, காதில் வைரம், கண்ணில் அதைவிடக் கூர்மை. நான் வால்யூமைத் திறந்தேன். லாரி மேடேறியது. மேசையில் அத்தனை பேரும் சற்றே பின்னால் சாய்ந்தார்கள்.

திரும்பி நில் என்று சேகர் வாயசைத்தான். கிட்டார்க்காரர்களுக்குத் தெரிந்த ஒரு சூட்சுமம் அது. சிங்கிள் காயில் இரைச்சலைப் பிடிப்பது திசையைப் பொறுத்தது. உடம்போடு மெல்லத் திரும்பினால் ஏதாவது ஓர் இடத்தில் இரைச்சல் அப்படியே வற்றிப்போகும். தள்ளி நிற்கலாமென்றால் வயர் குட்டை. அந்த விளக்கை அணைக்கச் சொல்லலாமென்றால், அது விளக்கு அல்ல, அந்த மனிதரின் நெஞ்சு. ஆகவே திரும்பினேன்.

வலப்பக்கம் திரும்பத் திரும்ப உறுமல் குறைந்து, குறைந்து, சட்டென்று காணாமல் போனது. பரிபூரண மௌனம். நிம்மதியாய்த் தலையைத் தூக்கினால் நேர் எதிரே மாலதி. நீலப்புடவை. கண்ணை அகல விரித்து, வேண்டாம் வேண்டாம் என்று மூக்கு நுனி மட்டும் அசைய என்னைப் பார்க்கிறாள். சுட்டுக்கொண்டவன்போல் எதிர்ப்பக்கம் சுழன்றேன். நடுவில் பெரியவர்கள் மேசையைக் கடக்கும்போது ஒரு முழு உறுமல். அந்தப் பக்கம் போய் நின்றதும் மறுபடி மௌனம்.

மௌனத்துக்கு இரண்டே திசைகள். ஒரு பக்கம் மாலதி. இன்னொரு பக்கம் மட்டன் வறுவல்.

நான் சொன்ன சொல் தவறாதவன். மட்டனைப் பார்த்து வாசிக்கத் தொடங்கினேன்.

என்ன சொல்ல, அன்றைக்கு வாசித்ததுபோல் நான் வாழ்நாளில் வாசித்ததில்லை. தகரக் கூரையின் கடைசிச் சொட்டுகள் ஒவ்வொன்றாய் மண்டபத்தில் விழுந்தன. கண்ணை மூடினால் கால் நகர்ந்து திசை தப்பிவிடும் என்பதால் இமைக்காமல் ஒரே புள்ளியைப் பார்த்தாக வேண்டியிருந்தது. புள்ளி, வறுவல் தட்டம். அதன் ஆவி மேலெழுந்து என் கண்ணில் நீர் கோர்த்தது. ஒரு மனிதன் காதல் பாட்டொன்றை உயிரைக் கொடுத்து, கண் கலங்க, ஆட்டிறைச்சிக்கு வாசித்துக்கொண்டிருந்தான். இடையில் ஒருமுறை, மரியாதைக்காவது பெரியவர்களை ஒரு பார்வை பார்க்கலாமென்று திரும்பினேன். உறுமியது. கோவிந்தசாமி அங்கிளின் புருவம் ஏறியது. மறுபடி மட்டனிடமே திரும்பினேன். சற்றுப் பொறுத்து இன்னொரு முறை முயன்றேன். அவர் முகத்தைக் காணும்போதெல்லாம் என் கிட்டார் நாயாய் உறுமுகிறது என்பது மேசைக்கே தெரிந்துபோனது.

தட்டங்களுக்குப் பின்னால் கேட்டரிங் பரிமளா அக்கா கரண்டியோடு நின்றிருந்தார். தாராளமான உடம்பு, அதைவிடத் தாராளமான மனசு. முதலில் தன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். பிறகு புடவைத் தலைப்பைச் சரிசெய்தார். பிறகு என் கண்ணில் நீரைப் பார்த்துவிட்டார். அவ்வளவுதான். ஒரு தட்டை எடுத்தார், பிரியாணி போட்டார், மட்டனைக் கரண்டி கரண்டியாய்ப் போட்டார், ஓரத்தில் பச்சடி வைத்தார், வரிசைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, மண்டபம் முழுக்கப் பார்க்க நேரே என்னிடம் நடந்து வந்தார்.

"முதல்ல சாப்பிடுங்க தம்பி. பாட்டு எங்கயும் போயிறாது."

எனக்கு முன்னால் பாடகரின் மைக் இருந்தது. யாரும் அதை அணைக்கவில்லை. அக்காவின் பரிவு எல்லா ஒலிபெருக்கிகளிலும் கேட்டது. தட்டைச் சேகரின் கீபோர்டு மேல் வைத்துவிட்டுப் போனார். மண்டபம் சிரித்தது. கடைசி மேசைவரை சிரித்தது.

சிரிப்புக்கூடப் பரவாயில்லை. சம்பந்தி கோவிந்தசாமி அங்கிள் பக்கம் சாய்ந்து, பாவம், பசியோடவா நிக்க வச்சிட்டீங்க பையனை என்று கேட்டுவிட்டார். மகள் கல்யாணத்தில் ஒருவன் பசியோடு நின்றான் என்ற பேச்சை எந்தத் தகப்பன் தாங்குவார்? எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். என்னிடம் வந்தார்.

"சாப்பிட்டீங்களா இல்லையா?"

சாப்பிட்டேன் அங்கிள் என்றேன். உண்மை, ஐந்து மணிக்கே குழுவோடு சாப்பிட உட்கார்ந்து இரண்டாம் முறையும் வாங்கியிருந்தேன்.

"அப்புறம் ஏன் மட்டனையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?"

உங்கள் இதயம்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது? சேகருக்கு அந்தச் சங்கடமெல்லாம் இல்லை.

"அங்கிள், இவன் கிட்டாருக்கு உங்க ஹார்ட்டு ஒத்துக்கல."

"என் ஹார்ட்டுக்கு என்ன?" என்று அவர் தன்னையறியாமல் நெஞ்சில் கை வைத்தார். பிறகுதான் மேடையைத் திரும்பிப் பார்த்தார். அது நானே மாட்டுனது, ஒரு சின்னச் சத்தம் வராது என்றார். விளக்கிலிருந்து வரவில்லை, அந்த டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வருவதைக் கிட்டார் பிடிக்கிறது, திரும்பினால் போய்விடும் என்று சேகர் விளக்கினான். மின்சார விஷயத்தில் தனக்குத் தெரியாத ஒன்றை அவர் சும்மா விடுகிறவரல்ல. கல்யாணம், சம்பந்தி, சபை எல்லாம் அந்த நிமிடத்தில் அவருக்கு மறந்துபோனது. என் இரண்டு தோள்களையும் பிடித்தார்.

ஜோகூரில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பிடி தெரியும். சிங்கப்பூர்ச் சேனல் தெளிவாய்த் தெரிய வேண்டுமென்று கூரைமேல் ஒருவர் ஏரியல் குழாயைப் பிடித்துத் திருப்புவார், கீழே ஒருவர் டிவியைப் பார்த்துக் குரல் கொடுப்பார். அதே பிடி. நான் ஏரியல். மெதுவாய்த் திருப்பினார். உறுமல் ஏறியது, இறங்கியது. மண்டபம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. எதிரே பெரியவர்கள் மேசையில் அவருடைய தம்பி, அந்தக் காலத்தில் டிவி பக்கத்தில் நின்று குரல் கொடுத்தவர், பழக்கதோஷத்தில் எழுந்துவிட்டார்.

"இன்னும் கொஞ்சம் அண்ணே... இன்னும்... போயிருச்சு போயிருச்சு, திருப்பாதீங்க... ஆங், இப்ப சுத்தமா இருக்கு."

மட்டன் பக்கம் சுத்தம். அவர் அதோடு விட்டிருக்கலாம். முழுச் சுற்றும் பார்க்காமல் இறங்குகிறவரா? நடுவழியாக உறுமவிட்டு எதிர்ப்பக்கம் கொண்டுபோனார். இங்கயும் சுத்தம் அண்ணே என்றார் தம்பி. அவருடைய கைகள் என் தோளில் நின்றன. என் மூக்கு காட்டிய வழியே அவர் கண் போனது. அங்கே நீலப்புடவையில் அவருடைய சின்ன மகள், இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, விரலிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நியாயமான ஒரு கேள்வி அவருக்கு வந்தது. வந்ததும் கேட்டுவிட்டார்.

"இந்தப் பக்கமும் சத்தமில்ல. அப்புறம் ஏன் தம்பி அந்தப் பக்கமே நின்னீங்க?"

இந்த இடத்தில் எத்தனையோ பதில்கள் இருக்கின்றன. அன்றிலிருந்து இன்றுவரை குளியலறையில், சிக்னலில், தூக்கம் வராதபோது அவற்றை ஒவ்வொன்றாய்க் கண்டுபிடித்துக்கொண்டே இருக்கிறேன். அன்றைக்கோ, வாக்கியம் வாக்கியமாய் மழையைப் பற்றி எழுதியவனின் வாய் உண்மையை மட்டும் உளறியது.

"நீங்கதானே அங்கிள் சொன்னீங்க, மாலதி இருக்குற பக்கம் பார்க்கக்கூடாதுன்னு."

மைக் இன்னும் திறந்துதான் இருந்தது.

சிவப்பு இதயம் எரிந்துகொண்டிருந்தது. ஒரு கரண்டி எங்கோ தட்டத்தில் விழுந்தது. கோவிந்தசாமி அங்கிளின் கை என் தோளிலிருந்து தானாக நழுவியது. முடிந்தது என்று நினைத்தேன். இனி அடுத்த வாரம் என்று ஒன்று இல்லை. பலகைச் சுவருக்கு அந்தப்பக்கத்திலிருந்து எந்தக் குரலும் வராது.

மூவார் அத்தை எழுந்து நின்றார்.

தம்பி கோவிந்தசாமியைப் பார்த்தார். மாலதியைப் பார்த்தார். என்னைத் தலையிலிருந்து கால்வரை, தேக்கா வேறு மரமா என்று பார்க்கிற பார்வை பார்த்தார். மண்டபத்தில் ஒருவரும் மென்றதைக்கூட விழுங்கவில்லை.

"ஏன்டா கோவிந்து," என்றார், மைக் தேவைப்படாத குரலில். "நீ சொன்ன ஒரு வார்த்தைக்காக இந்தப் பிள்ளை இவ்வளவு நேரமா கண்ணுல தண்ணி வர ஆட்டெறச்சியவே பாத்துக்கிட்டு நின்னிருக்கான்."

பக்கத்தில் மும்முரமாய்ச் சாப்பிட்டுக்கொண்டிருந்த தன் மகனைத் திரும்பிப் பார்த்தார்.

"எம்மவனா இருந்தா இந்நேரம் அதைத் தின்னே முடிச்சிருப்பான். பேசி முடிங்கடா."

உட்கார்ந்துவிட்டார். மகன் பாதி கடித்த எலும்போடு தலையை ஆட்டினான். அவனுக்கும் நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

பிறகு நடந்ததெல்லாம் எனக்கு ஒழுங்காய் நினைவில்லை. யார் யாரோ வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். மூத்தவளும் அவள் புருஷனும் மேடையில் மறந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். மணமகள் தன் கல்யாணத்தைக் கெடுத்ததற்காக என்னை இன்னும் மன்னிக்கவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் புதிதாய் ஒருமுறை மன்னிக்க மறுப்பாள். கோவிந்தசாமி அங்கிள் அன்று என்னிடம் பேசிய கடைசி வாக்கியம், "மைக்க அடைங்க தம்பி" என்பதுதான். ஆனால் சொன்னபடி அடுத்த வாரம் ஸ்கூடாய்க்கு வந்தார். என் வீட்டு டியூப் லைட்டை நிமிர்ந்து பார்த்தார். வண்டியிலிருந்து ஏணியை எடுத்துவந்து முதலில் அதை மாற்றினார். பிறகுதான் கல்யாணப் பேச்சு.

எங்கள் கல்யாணத்தில் கிட்டார் கூடாது என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பரிசாக எதைக் கொடுத்தார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த இதயத்தைத் தானே சுமந்து வந்து, தானே துளை போட்டு, எங்கள் வரவேற்பறைச் சுவரில் மாட்டினார். ஸ்கூடாயில் ஒரு சாதாரண அடுக்கு வீட்டில், ஜன்னல் வழியே தெருவே சிவக்க, அது இன்றும் எரிகிறது. புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் கொஞ்ச நாள் எங்களைத் தப்பாகக்கூட நினைத்தார்கள்.

நான் மாலையில் கிட்டாரை எடுத்தால் அது உறுமும். திரும்பி உட்கார்ந்தால் அடங்கும். அங்கேயும் இரண்டே திசைகள்: ஒரு பக்கம் சமையலறை, ஒரு பக்கம் மாலதி உட்கார்ந்து விடைத்தாள் திருத்துகிற நாற்காலி. கிட்டாரைக் கையில் எடுத்ததும் என் மகள் தொலைபேசியிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்பாள்: "இன்னிக்கு எந்தப் பக்கம்பா? மட்டனா, மாலதியா?" சொந்தத்தில் எங்கே விருந்தென்றாலும் இதே கேள்விதான். நான் தட்டோடு வரிசையில் நிற்பதைக் கண்டால், கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருக்கிறவர்கள்கூடக் கேட்டுவிட்டுத்தான் நகர்வார்கள். கீபோர்டை விற்றுவிட்டாலும் சேகர் இன்னும் ஒரு ஹம்பக்கரை உறைக்குள் வைத்துக்கொண்டு வந்து போகிறான். ஒரு மணி நேர வேலை லா, அப்புறம் நீ எந்தப் பக்கம் வேணும்னாலும் திரும்பிக்கலாம் என்கிறான். யோசிக்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

என் மாமனார் இப்போது கடையைத் தம்பி மகனிடம் விட்டுவிட்டு அடிக்கடி எங்களிடம் வந்துவிடுகிறார். வந்தால் சமையலறைப் பக்கமும் உட்கார மாட்டார், மகள் பக்கமும் உட்கார மாட்டார். இதயத்துக்கு நேர் எதிரே, நட்ட நடு சோபாதான்.

"என்னைப் பாத்து ஒண்ணு வாசிங்க மாப்பிள்ளை" என்பார்.

நான் அவரைப் பார்த்துத் திரும்புவேன். மண் லாரி மேடேறத் தொடங்கும். தேநீர் தம்ளர் மேசைமேல் நடுங்கும். அவர் கண்ணை மூடிக்கொண்டு, சிவந்த வெளிச்சத்தில் முகமெல்லாம் சிரிப்பாக, அந்த உறுமலைக் கடைசிவரை கேட்டுவிட்டுச் சொல்வார்:

"ஹார்ட்டு இன்னும் நல்லாத்தான் வேலை செய்யுது."